‘வீ ஆர் வென்ட்’: ஒரு பக்கக் கட்டுரையும் ஆறு வாரத் திருத்தமும்

எட்டாம் வகுப்பு, ஆங்கில வழி. வீடு வியாசர்பாடிப் பக்கம். வீட்டில், தெருவில், விளையாடும் இடத்தில் எல்லாம் தமிழ்தான். பாடப்புத்தகக் கேள்வி-பதிலை மனப்பாடமாக, பிழையில்லாமல் எழுதிவிடுவாள். கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னாலும் பெரும்பாலும் சரியாக வரும். ‘போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய், நீயே பத்து வாக்கியம் எழுது’ என்றால்தான் சிக்கல். சென்னையில் ஆங்கிலம் சொல்லித்தரும் யாருக்கும் இந்தப் பிள்ளை புதியவள் அல்ல.

பதினைந்து நிமிடம், அகராதி கிடையாது, உதவி கிடையாது என்று சொல்லி அவளிடம் வாங்கிய பக்கம் இது. எழுத்துப்பிழைகளை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அது வேறு நோய், வேறு மருந்து. அவள் ஆங்கிலத்தில் எழுதியதை ஒலிப்படி தமிழெழுத்தில் தருகிறோம்.

1. லாஸ்ட் சண்டே வீ ஆர் வென்ட் டு மெரினா பீச்.
2. மை ஃபாதர் ஆட்டோ டிரைவர்.
3. மை மதர் தே ஆர் ஒர்க்கிங் இன் டெய்லர் ஷாப்.
4. ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்.
5. மை சிஸ்டர் லைக் சுண்டல் வெரி மச்.
6. ஷி டிட் நாட் வென்ட் நியர் தி வாட்டர்.
7. மை ஃபாதர் ஆஸ்க்ட் வை யூ ஆர் கிரையிங்.
8. ஷி ஸெட் வேவ் இஸ் கமிங் பிக் பிக்.
9. வீ ஸா ஹார்ஸ் அண்ட் தி ஹார்ஸ் இஸ் ஸ்டாண்டிங்.
10. அட் எயிட் ஓ கிளாக் வீ கேம் டு ஹவுஸ் பை பஸ்.

சிவப்புப் பேனாவை எடுத்தால் பதினெட்டு, பத்தொன்பது இடத்தில் கை வைக்கலாம். வழக்கமாக நடப்பதும் அதுதான். பக்கம் முழுக்கச் சிவப்பு, அடியில் ‘கேர்லெஸ்’ என்று ஒரு வார்த்தை, பிறகு ‘திருத்தி மூன்று தடவை எழுது’. மூன்று தடவை எழுதுவாள். அடுத்த வாரம் வேறு தலைப்பில் மறுபடி ‘வீ ஆர் வென்ட்’ வரும். ஏன் என்று பார்க்காமல் திருத்தினால் அப்படித்தான் ஆகும். இந்தப் பக்கத்தில் கேர்லெஸ்ஸாக ஒரு வாக்கியம்கூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, பெரும்பாலும் தமிழில் இருக்கிறது.

தவறும் பிழையும்

முதலில் ஒரு சோதனை. எழுதிய பக்கத்தை அவளையே சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டும். வாசிக்கும்போது தானாகவே நின்று திருத்தினால் அது கைத்தவறு, அதைப் பாடமாக நடத்தத் தேவையில்லை. திருத்தாமல், சந்தேகமே இல்லாமல் வாசித்துக்கொண்டு போனால்தான் பிழை. இந்தப் பக்கத்தில் அவள் தானாக நின்றது நான்காம் வாக்கியத்தில் மட்டும், ‘சிஸ்டர்ஸ்’ என்று மாற்ற. ஒருமை பன்மை தெரியும், எழுதும்போது விட்டுவிட்டாள். தமிழில் ‘ரெண்டு தோசை’, ‘மூணு புக்கு’ என்றே பழகிய வாய்க்கு, ‘ரெண்டு’ என்று சொன்ன பிறகு பன்மை விகுதி எதற்கு என்று தோன்றுவது இயல்பு. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

இரண்டாவது சோதனை, பிழையான சொல்லுக்குப் பொருள் கேட்பது. முதல் வாக்கியத்தைக் காட்டிக் கேட்டபோது நடந்தது இது.

“‘வீ ஆர்’னா என்னம்மா?”

“நாங்க, மிஸ்.”

“சரி, ‘வீ’ன்னா?”

கொஞ்ச நேரம் யோசனை. “அதுவும் நாங்கதான் மிஸ். ஆனா ‘வீ ஆர்’னு சொன்னாதான் கரெக்டா இருக்கும்.”

இதில் முழு நோயும் வெளியே வந்துவிட்டது. இரண்டாம், மூன்றாம் வகுப்பில் ‘ஐ ஆம், வீ ஆர், யூ ஆர், ஹி இஸ், ஷி இஸ்’ என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்ததில் ‘வீஆர்’ ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டது. அவள் கணக்கில் அந்த வாக்கியத்தில் வினை ஒன்றுதான்: ‘வென்ட்’. ‘வீ வென்ட்’ என்று சிவப்பில் எழுதிக் கொடுத்தால் அவளுக்கு எழுவாயையே பாதி வெட்டியது போல இருக்கும். வாய்ப்பாட்டின் இன்னொரு பாதியை இரண்டாம் வாக்கியத்தில் பார்க்கலாம். ‘மை ஃபாதர்’ அந்த வாய்ப்பாட்டில் இல்லை, அதனால் ‘இஸ்’ ஒட்டவில்லை. ‘என் அப்பா ஆட்டோ டிரைவர்’ என்ற தமிழ் வாக்கியத்தில் வினையே இல்லை. பெயரே பயனிலையாக நிற்கும், அது தமிழுக்கு முழு வாக்கியம். அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்திருக்கிறாள்.

எதிலிருந்து தொடங்குவது

பத்தொன்பது பிழையையும் வகை பிரித்தால் ஒன்று தெரியும். பத்தாம் வாக்கியம் தவிர மற்ற ஒன்பதிலும் வினை இருக்கும் இடத்தில் கோளாறு: வினை இல்லை, அல்லது இரண்டு இருக்கிறது, அல்லது காலமோ இடமோ பொருந்தவில்லை. ‘எ’, ‘தி’ விட்டுப்போனது நான்கு வாக்கியத்தில். சொல்வழக்கு மாறியது இரண்டில். ஆனால் பல வகுப்புகளில் முதலில் நடத்துவது ‘எ, ஆன், தி’. புத்தகத்தில் அது முன்னால் இருக்கிறது, விதி சொல்ல எளிது, அவ்வளவுதான் காரணம். ‘தி’ இல்லாமல் எழுதினாலும் படிப்பவருக்குப் புரியும். வினை கெட்டால் யார், எப்போது, நடந்ததா இல்லையா என்பதே குழம்பும். அதனால் முதல் நான்கு வாரம் வினையைத் தவிர வேறு எதையும் திருத்துவதில்லை என்று முடிவு.

வாக்கியப் பிழைக்கு வகை பிரிக்கும் பழக்கம் தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கமே, எது எதனோடு பொருந்தி வரவேண்டும் என்பதைப் பற்றியதுதான். நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழு, அதாவது ஏழு வகை இலக்கணப் பிழை, சொல்கிறது. இது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ‘வழு, வழாநிலை, வழுவமைதி’ என்ற பெயரோடு வருகிறது. பெயர் தெரியாவிட்டாலும் ‘அவன் வந்தாள்’, ‘நேற்று வருவேன்’ என்பதைக் கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே சிரிக்கும். ஆங்கில வகுப்பில் ‘சப்ஜெக்ட் வெர்ப் அக்ரிமென்ட்’ என்று புதிதாக ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்துவதற்கு முன், இந்தச் சிரிப்பைப் பயன்படுத்திக்கொள்வது லாபம். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார்கள் என்று ஒவ்வொரு ஆளுக்கும் வினையை மாற்றிப் பழகிய பிள்ளைக்கு, ‘ஷி லைக்ஸ்’ என்பதில் வரும் ஒற்றை ‘ஸ்’ எவ்வளவு சின்ன வேலை! இதை அவளுக்குச் சொல்ல வேண்டும். ‘ஆங்கிலத்தில் இது கஷ்டம்’ என்று தொடங்குவதும் ‘தமிழில் நீ செய்வதில் ஆறில் ஒரு பங்குகூட இங்கே இல்லை’ என்று தொடங்குவதும் ஒன்றல்ல.

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம், ஆறு வாரம். மொத்தம் 18 வகுப்பு, 12 மணி நேரம்.

முதல் வாரம்: ‘இரு’ எங்கே இருக்கிறது

‘இஸ், ஆர்’ எப்போது வரும் என்பதற்குத் தமிழிலேயே ஒரு சோதனை உண்டு. வாக்கியத்தைப் பேச்சுத் தமிழில் சொல்லிப் பார். ‘இரு’ உள்ளே நுழைய இடம் இருக்கிறதா? ‘அப்பா ஆட்டோ டிரைவர்’ என்பதை ‘அப்பா ஆட்டோ டிரைவரா இருக்காரு’ என்று சொல்லலாம். அப்படியானால் ‘இஸ்’ வேண்டும். ‘நாங்க பீச்சுக்குப் போனோம்’ என்பதில் ‘போனோமா இருக்கோம்’ என்று சொல்ல முடியாது, சொன்னால் அவளுக்கே சிரிப்பு வரும். அங்கே ‘ஆர்’ வராது.

சென்னைப் பேச்சில் இதைச் சொல்லித்தருவது முக்கியம். ‘அழுதுகொண்டிருக்கிறாள்’ என்று பாடப்புத்தகத் தமிழில் சொன்னால் பிள்ளை அதை மொழிபெயர்ப்புப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளும். ‘அழுதுனு இருக்கா’ என்றால்தான் அது அவளுடைய வாக்கியம். ‘கீது’, ‘கீறான்’ என்று பேசும் வீடுகளிலும் உள்ளே இருப்பது அதே ‘இரு’தான். கொச்சை என்று தட்டிவிடாமல் அதையும் பலகையில் எழுத வேண்டும்.

இந்தச் சோதனையை அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தால் புதுப் பிழை உண்டாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ் ‘இரு’ எல்லாமே ஆங்கில ‘இஸ்’ ஆகாது. நான்கு வகை இருக்கிறது. ‘டிரைவரா இருக்காரு’, ‘பீச்ல இருக்காரு’ என்பவை ‘இஸ்’. ‘அழுதுனு இருக்கா’ என்பது ‘இஸ்’ஸோடு ‘இங்’ சேர்ந்து ‘இஸ் கிரையிங்’. ‘வந்திருக்கா’ என்று வினையெச்சத்தோடு ஒட்டி வந்தால் அது ‘ஹாஸ் கம்’. ‘எனக்கு ரெண்டு அக்கா இருக்காங்க’ என்று நான்காம் வேற்றுமையோடு வந்தால் ‘ஐ ஹேவ்’. நான்காம் வாக்கியத்தின் ‘ஐ ஆம் ஹேவிங்’ எப்படிப் பிறந்தது என்று இப்போது தெரியும். ‘ஐஆம்’ ஒட்டிக்கொண்டது. ‘ஹேவ்’ என்பதும் அவளுக்குத் தெரியும். ‘ஆம்’ வந்தால் ‘இங்’ வரவேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்றையும் விசுவாசமாகச் சேர்த்துவிட்டாள்.

முதல் வாரத்தில் முதல் இரண்டு வகையும் நான்காவதும் மட்டும். ‘வந்திருக்கா’ வகையை வேண்டுமென்றே தள்ளி வைக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அதற்கு வேலையே இல்லை.

பயிற்சி இது. நோட்டுப் பக்கத்தை நெடுக்காக மூன்று மடிப்பு மடித்தால் நான்கு கட்டம்: யார், துணைவினை, வினை, மற்றது. ஆசிரியர் சென்னைப் பேச்சில் ஒரு வாக்கியம் சொல்ல, அவள் ‘இரு’ சோதனை செய்து கட்டத்தில் நிரப்புவாள். ஒரு வகுப்புக்கு 12 வாக்கியம் போதும், அதில் பாதி ‘இஸ்’ வராதவையாக இருக்க வேண்டும். இந்தப் பாதி கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘இஸ்’ நடத்தும் நாளில் பன்னிரண்டும் ‘இஸ்’ வாக்கியமாகவே கொடுத்தால் பிள்ளை யோசிக்காமலே பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வாங்கும். ‘வீஆர்’ ஒட்டியதே அந்த மாதிரிப் பயிற்சியில்தான்.

எதிர்பார்த்தபடியே வார முடிவில் எதிர்த்திசைப் பிழை வந்தது: ‘வீ கோயிங் டு ஸ்கூல்’. ‘ஆர்’ மேல் சந்தேகம் வந்து எங்கும் எடுத்துவிட்டாள். இதைக் கண்டு பதறக்கூடாது. ‘வீஆர்’ இரண்டாகப் பிரிந்ததற்கு இதுவே அடையாளம். ‘போயினு இருக்கோம்’ என்று ஒரு தடவை சொல்லிக் காட்டினால் ‘ஆர்’ திரும்பி வருகிறது.

மூன்றாம் வாக்கியத்தில் இருந்த ‘தே’யும் இதே வாரத்தில் தீர்ந்தது. ‘அம்மா வேலை செய்றாங்க’ என்பதில் ‘ஆங்க’ மரியாதைக்கு வந்தது. பன்மைக்கும் அதே விகுதிதான். ‘எத்தனை பேர்?’ என்று கேட்டு, ஒருவர் என்றால் ‘ஷி’ என்று சொன்னால் விதி முடிந்தது. ஆனால் பிள்ளை தயங்கியது விதியால் அல்ல. அம்மாவை ‘ஷி’ என்பது அவள் காதில் ‘அவ’ என்று சொல்வது போல் விழுகிறது. ஆங்கிலத்தில் படர்க்கைச் சொல்லில் மரியாதையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை என்று சொல்லி, தலைமை ஆசிரியையையும் முதலமைச்சரையும் ‘ஷி’, ‘ஹி’ என்று இரண்டு வாக்கியம் சொல்ல வைத்தால் கூச்சம் போய்விடும். அதே வாக்கியத்தின் ‘ஒர்க்கிங்’கை நாம் தொடவில்லை. ‘ஷி ஒர்க்ஸ்’ சிறப்பு. ‘ஷி இஸ் ஒர்க்கிங்’ தற்சமயம் வேலை பார்க்கிறார் என்ற பொருளில் நிற்கும், பிழை என்று அடிக்க முடியாது.

இரண்டாவது, மூன்றாவது வாரம்: ஒரே ஒரு ‘ஸ்’

‘ஷி டிட் நாட் வென்ட்’ என்ற பிழைக்கு ‘டிட் வந்தால் வினை பழையபடி வரும்’ என்று விதி சொல்லுவார்கள். பிள்ளைகள் ஒப்பிப்பார்கள், எழுதும்போது மறுபடி ‘டிட் நாட் வென்ட்’. காரணம் ‘வரவில்லை’ என்ற சொல்லில் இருக்கிறது. நான் வரவில்லை, நீ வரவில்லை, அவள் வரவில்லை, நேற்று வரவில்லை, இப்போதும் வரவில்லை. ‘இல்லை’ ஆளையும் காட்டாது, காலத்தையும் காட்டாது. ஆகவே அவளுக்கு ‘டிட் நாட்’ என்பது முழுக்க ‘இல்லை’. காலம் வேறு எங்கேயாவது தெரிய வேண்டுமே என்று ‘வென்ட்’டில் காட்டுகிறாள். ‘டிட்’டுக்குள்ளேயே நேற்று இருக்கிறது என்பது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

விதியைக் கையில் எடுத்துக் கொடுத்தால் இது மாறும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை இரண்டு விரல் அகலத்தில் வெட்டி 26 துண்டு செய்ய வேண்டும். எழுவாய் ஆறு: ஐ, வீ, யூ, ஷி, தே, மை சிஸ்டர். துணைவினை ஏழு: டூ, டிட், ஆம், இஸ், ஆர், வாஸ், வேர். ‘நாட்’ ஒன்று, ‘இங்’ ஒன்று. வினை பத்து: முன்பக்கம் ‘கோ’, பின்பக்கம் ‘வென்ட்’. முன்பக்கம் ‘ஸீ’, பின்பக்கம் ‘ஸா’. இப்படியே கம், ஈட், பை, கிவ், டேக், ரன், வான்ட், லைக். கடைசியாக ‘ஸ்’ அட்டை. அது ஒன்றே ஒன்று. இரண்டாவது வெட்டவே கூடாது.

‘மை சிஸ்டர்’, ‘லைக்’, ‘ஸ்’ என்று மேஜையில் அடுக்கு. இப்போது ‘இல்லை’ என்று மாற்று. ‘நாட்’ தனியாக வராது, கையைப் பிடித்துக் கூட்டிவர ‘டூ’ வேண்டும். ‘டூ’ வந்ததும் ‘ஸ்’ எங்கே போகும்? பிள்ளை கையால் ‘லைக்’ பக்கத்திலிருந்து அந்த அட்டையை எடுத்து ‘டூ’ பக்கத்தில் வைக்க வேண்டும். அங்கே சேர்ந்தால் அது ‘டஸ்’. ‘லைக்’குக்குப் பக்கத்தில் இனி எதுவும் இல்லை, கையிலும் வேறு ‘ஸ்’ இல்லை. ‘டஸ் நாட் லைக்ஸ்’ என்று வைக்க நினைத்தாலும் வைக்க முடியாது. கேள்வியாக்க ‘டஸ்’ஸைத் தூக்கி முன்னால் வை.

இறந்தகாலத்துக்கும் இதே ஆட்டம். தனியாக இருக்கும்போது அட்டை ‘வென்ட்’ பக்கம் மேலே இருக்கும். ‘டிட்’ மேஜைக்கு வந்தால் அட்டையைத் திருப்பு, ‘கோ’ மேலே வரும். காலம் ஒரு வாக்கியத்தில் ஒரு இடத்தில்தான், துணைவினை, வினை என்ற இரண்டு கட்டத்தில் முதலில் உட்காருபவர் அதைச் சுமப்பார். ஒரு வகுப்புக்கு எட்டு வாக்கியம், ஒவ்வொன்றையும் மூன்று விதமாக: சொல், மறு, கேள். முதல் இரண்டு வகுப்பில் அட்டை, மூன்றாவதில் அட்டையைப் பார்க்காமல் வாயால், நான்காவதில்தான் நோட்டு. வாயில் வராமல் நோட்டுக்குப் போனால் மறுபடி விதியை நினைத்து எழுதும் பழைய வழிக்கே போய்விடும்.

இங்கே வந்த கோளாறு இரண்டு. ஒன்று, ‘தே லைக்ஸ்’. பெயர்ச்சொல்லில் ‘ஸ்’ பன்மை என்று படித்தது வினையிலும் தொற்றுகிறது, பலர் என்றால் ‘ஸ்’ போடு என்று கை போகிறது. ‘சிஸ்டர்ஸ்’ஸில் ‘ஸ்’ இருந்தால் ‘லைக்’கில் இருக்காது, ‘லைக்’கில் இருந்தால் ‘சிஸ்டர்’ரில் இருக்காது என்று அட்டையில் காட்டினால் பிடித்துக்கொள்கிறாள். ஒற்றை அட்டையின் லாபம் இங்கேயும் உதவும், ஆனால் ‘ஷி லைக்ஸ் புக்ஸ்’ என்று ஒரு பிள்ளை எடுத்துக்காட்டினால் திணற வேண்டாம். செயப்படுபொருளுக்கும் இந்த ஒற்றை அட்டைக்கும் சம்பந்தமில்லை, எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் மட்டும்தான் இந்தக் கணக்கு. இன்னொன்று, ‘கேன்’, ‘வில்’ பின்னாலும் ‘ஸ்’ வைப்பது. இவற்றுக்கு ‘ஸ்’ அட்டையே வராது என்று சொல்லி, அந்தச் சொற்களை நான்காம் வாரம் வரை தள்ளி வைத்தோம்.

நான்காம் வாரம்: கதை நேற்றே நிற்கட்டும்

ஏழு, எட்டு, ஒன்பது மூன்றிலும் கதை நேற்றிலிருந்து இன்றைக்குத் தாவுகிறது. இது காலவழு, ஆனால் பிள்ளைக்குக் காலம் தெரியாததால் வந்ததல்ல. ‘அலை பெருசு பெருசா வருதுன்னு சொன்னா’, ‘ஏன் அழுவுறன்னு அப்பா கேட்டாரு’. தமிழில் ‘என்று’ போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் பேச்சை அப்படியே வைக்கலாம். ஆளும் மாறாது, காலமும் மாறாது. ஆங்கிலத்தில் மேற்கோள்குறி இல்லாவிட்டால் இரண்டும் மாற வேண்டும்: ‘ஆஸ்க்ட் வை ஷி வாஸ் கிரையிங்’. வேடிக்கை என்னவென்றால் ஏழாம் வாக்கியத்தில் சொல்வரிசை சரியாகவே இருக்கிறது. அது தற்செயல். நேர்க்கேள்வி கேட்கும்போதும் ‘வை யூ ஆர் கிரையிங்?’ என்றுதான் கேட்பாள். அதை அங்கே திருத்தி, இங்கே அதுவே சரி என்றால் குழம்புவாள். அதனால் சொல்வரிசையைப் பேசவே இல்லை.

டைரக்ட்-இண்டைரக்ட் ஸ்பீச் மாற்றும் அட்டவணையை இந்தக் கட்டத்தில் கொடுப்பது வீண். ‘டுமாரோ’ வந்தால் ‘தி நெக்ஸ்ட் டே’, ‘ஹியர்’ வந்தால் ‘தேர்’ என்று ஒப்பித்து வினாத்தாளில் மதிப்பெண் வாங்கலாம். சொந்தக் கட்டுரையில் அது ஒன்றும் செய்யாது. செய்ததெல்லாம் இவ்வளவுதான்: எழுதி முடித்த பக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் துணைவினை, வினை என்ற இரண்டு கட்டத்தில் முதலில் வரும் சொல்லை அடிக்கோடிட்டு, ஓரத்தில் ‘இ’ (இறந்தகாலம்), ‘நி’ (நிகழ்காலம்) என்று எழுத வைத்தோம். ‘இ, இ, இ, நி, இ’ என்று வந்தால் அந்த ‘நி’யிடம் ‘நீ ஏன் இங்கே?’ என்று கேட்க வேண்டும். அப்பா ஆட்டோ டிரைவர் என்பது இன்றும் உண்மை, அதனால் அந்த ‘நி’க்குப் பதில் உண்டு. குதிரை நின்றது நேற்று மட்டும், அதற்குப் பதில் இல்லை.

திருத்தும் முறை

ஒரு பக்கத்துக்கு ஒரு வகைப் பிழை. மற்றவை கண்ணில் பட்டாலும் பேனா போகக்கூடாது. சரியான சொல்லை ஆசிரியர் எழுதித் தரவும் கூடாது. பிழையுள்ள வரிக்கு நேரே ஓரத்தில் ‘வி’ (வினை), ‘எ’ (எண்), ‘கா’ (காலம்) என்று ஒரு எழுத்து மட்டும். அவள் பென்சிலால் தானே திருத்த இரண்டு நிமிடம். திருத்த முடியாததை மட்டும் உட்கார்ந்து பேச வேண்டும். நாற்பது நோட்டுத் திருத்தும் ஆசிரியருக்கும் இதில் நேரம் மிச்சம்.

பெற்றோர் ஒத்துக்கொள்வதுதான் கடினம். திருத்தாத பிழை உள்ள நோட்டைப் பார்த்து ‘டீச்சர் சரியா பாக்குறதில்ல’ என்பார்கள். முதல் பக்கத்திலேயே ‘இந்த மாதம் வினை மட்டும்’ என்று தமிழில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

எந்தப் பிழையை எப்போதும் விட்டுவிடலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மரபே சில மீறல்களை ஏற்றுக்கொள்வதை வழுவமைதி என்கிறோம். ‘கசின் பிரதர்’, ‘ப்ரீபோன்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ எல்லாம் இந்திய ஆங்கிலத்தின் வழுவமைதி. ‘ப்ரீபோன்’ ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. அவற்றோடு மல்லுக்கட்டி ஒரு வகுப்பை வீணாக்க வேண்டாம். ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’ அந்தக் கணக்கில் வராது. சென்னையில் எல்லோர் வாயிலும் கேட்கலாம்தான், ஆனால் பொதுத்தேர்வின் பிழைதிருத்தும் வினாவில் அதை விட்டால் மதிப்பெண் போகும்.

ஐந்தாம் வாரம்: ‘எ’யும் ‘தி’யும்

வினை ஓரளவு நின்ற பிறகுதான் இது. ‘அந்த’ என்று சேர்க்க முடிந்தால் ‘தி’, ‘ஒரு’ என்று சேர்க்க முடிந்தால் ‘எ’ என்பது தொடக்கத்துக்குப் போதும். தமிழில் இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. ‘புக்கு வாங்கினேன்’ என்பதற்கும் ‘புக்கை வாங்கினேன்’ என்பதற்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டால் பிள்ளை கொஞ்சம் யோசித்து, ‘ரெண்டாவதுல எந்த புக்குன்னு உங்களுக்குத் தெரியும் மிஸ்’ என்று சொல்லிவிடும். இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ உருபு இங்கே ‘தி’ செய்யும் வேலையைப் பாதி செய்கிறது. உயிரில்லாத பொருள்களுக்கு இது நன்றாக வரும். மனிதர்களுக்கு ‘ஐ’ கட்டாயம் என்பதால் அங்கே இந்தச் சோதனை ஓடாது. ‘தி சன்’, ‘தி பீச்’ போன்றவற்றை விதியில்லாமல் தொடராகவே மனப்பாடம் செய்வது மேல்.

‘பிக் பிக்’, ‘கேம் டு ஹவுஸ்’ இரண்டுக்கும் பாடம் கிடையாது. சரியான தொடரைப் பத்துத் தடவை கேட்டால் மாறும்.

ஆறாம் வாரப் பக்கம்

தலைப்பு மாற்றி, அதே பதினைந்து நிமிடம், அதே நிபந்தனை. பொங்கல் விடுமுறையில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சிக்குப் போனதைப் பற்றி எழுதினாள். எட்டு வாக்கியம்.

1. இன் பொங்கல் ஹாலிடேஸ் வீ வென்ட் டு புக் ஃபேர்.
2. இட் வாஸ் இன் நந்தனம்.
3. மை ஃபாதர் டிட் நாட் கம்.
4. ஹி ஹேட் ஒர்க்.
5. மை சிஸ்டர் வான்ட் எ டிராயிங் புக்.
6. மை மதர் பாட் இட் அண்ட் ஷி இஸ் ஹேப்பி.
7. ஐ வாஸ் ஸீ எ பிக் கிளோப்.
8. தி மேன் ஆஸ்க்ட் மீ விச் கிளாஸ் ஆர் யூ ஸ்டடியிங்.

முதல் நான்கிலும் வினை நிற்கிறது. ‘வீ வென்ட்’, ‘டிட் நாட் கம்’ இரண்டும் கேட்காமலே வந்திருக்கின்றன. அம்மா ‘ஷி’ ஆகிவிட்டார். ‘புக் ஃபேர்’ முன்னால் ‘தி’ இல்லை, போகட்டும்.

ஏழாவதைக் கவனிக்க வேண்டும். ‘வீ ஆர் வென்ட்’ போன இடத்தில் ‘ஐ வாஸ் ஸீ’ வந்து உட்கார்ந்திருக்கிறது. பழைய ஒட்டுதான், உடை மட்டும் இறந்தகாலம். காலத்தைத் துணைவினையில்தான் காட்ட வேண்டும் என்று ‘டிட்’ பாடத்திலிருந்து எடுத்துக்கொண்டு, ‘டிட்’டுக்குப் பதில் ‘வாஸ்’ வைத்துவிட்டாள். ‘இரு’ சோதனையை இறந்தகாலத்திலும் ஓட்டிக் காட்டாமல் விட்டது பாடத்திட்டத்தின் குறை. முதல் வாரத்திலேயே ‘பாத்துனு இருந்தேன்’, ‘பாத்தேன்’ இரண்டையும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாவதில் ‘வான்ட்’. இதை வாசிக்கச் சொன்னபோது ‘வான்டட்’ என்றே வாசித்தாள். காதில் இருக்கிறது, கையில் வரவில்லை. ‘ஈ.டி.’ மூன்று விதமாக ஒலிக்கும்: ‘ஆஸ்க்ட்’டில் ‘ட்’, ‘கால்ட்’டில் மெல்லிய ‘ட்’, ‘வான்டட்’டில் தனி அசை. முதல் இரண்டும் பேச்சில் கரைந்துவிடுவதால் எழுத்திலும் கரைகிறது. அடுத்த வாரத்துக்கு இதுதான் பாடம், பத்து வினையை மூன்று குவியலாகப் பிரிக்கும் அட்டை ஆட்டம். ஆறாவதின் ‘இஸ்’ஸுக்கு ஓரத்தில் ‘கா’ போட்டுக் கொடுத்ததும் தானே ‘வாஸ்’ ஆக்கினாள்.

எட்டாவது வாக்கியத்துக்கு இந்த வாரம் குறி எதுவும் போடவில்லை.